ஆர்பிஜி தரவுத்தளத்தைக் கோடில் கேட்கும்போது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

பெங்களூரில் வார இறுதியில் டேபிள்டாப் ஆர்பிஜி, அதாவது மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதாபாத்திரங்களாக ஆடும் விளையாட்டு, ஆடும் தமிழ்க் குழுக்களில் டிஎம் (கதையை நடத்தும் டன்ஜன் மாஸ்டர்) பொறுப்பை எடுப்பவர் பெரும்பாலும் கோடு எழுதத் தெரிந்தவராகவே இருப்பார். சனிக்கிழமை ஆட்டத்துக்கு மான்ஸ்டர் பட்டியல், வீரர்களுக்கு ஸ்பெல் அட்டை, அல்சூரில் இருப்பவரிடம் எந்தப் புத்தகம், கோரமங்களாவில் இருப்பவரிடம் எந்தப் புத்தகம் என்ற கணக்கு என எல்லாவற்றையும் பைத்தானில் இருபது வரி எழுதி எடுத்துவிடலாம். அந்த இருபது வரி ஓடாவிட்டால் என்ன பார்ப்பது, ஓடியும் தப்பான விடை தந்தால் எங்கே தேடுவது என்பதற்கான வழிமுறை இது.

மூன்று தரவுத்தளங்களை எடுத்துக்கொள்வோம். ஆர்பிஜி கீக், போர்டுகேம்கீக்கின் உடன்பிறப்புத் தளம். புத்தகம், பதிப்பகம், வெளியான ஆண்டு, ரேட்டிங், உறுப்பினர்களின் கலெக்‌ஷன் எல்லாம் அங்கே உண்டு. எக்ஸ்எம்எல் ஏபிஐ 2 என்ற வாசல் வழியாக எக்ஸ்எம்எல் வடிவில் விடை தரும். டிஎன்டி 5இ ஏபிஐ, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் திறந்த விதித்தொகுப்பான எஸ்ஆர்டியை ஜேசானாகத் தரும். ஓப்பன்5இ அதையும் தந்து, வேறு பதிப்பகங்கள் திறந்த உரிமத்தில் வெளியிட்டவற்றையும் சேர்த்துத் தரும்.

கட்டளைப் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறோம். கோடில் அவை ஆங்கிலச் சிற்றெழுத்தில் இருக்க வேண்டும்.

பிழைகள் இரண்டு வகை. சிவப்பில் கத்தி ஸ்கிரிப்டை நிறுத்துபவை ஒரு வகை. அவற்றைப் பத்து நிமிடத்தில் பிடித்துவிடலாம். 200 என்று நல்லபடியாகப் பதில் வந்து, உள்ளே தப்பான தரவு இருப்பது இன்னொரு வகை. ஆட்டத்தைக் கெடுப்பது இந்த இரண்டாவதுதான். அதனால் அதற்கே கூடுதல் இடம் தந்திருக்கிறோம்.

## எதையும் திருத்துவதற்கு முன்

ரெக்வெஸ்ட்ஸ் லைப்ரரியில் கெட் அழைத்ததும், பார்ஸ் செய்யும் வரிக்கு முன்னால், நான்கை அச்சிடுங்கள்:

1. ஸ்டேட்டஸ் கோட், அதாவது சர்வர் தரும் நிலை எண். 200 என்றால் சரி, 400-உம் அதற்கு மேலும் பிழை.
2. கன்டென்ட்-டைப் ஹெடர்.
3. ரெஸ்பான்ஸில் இருக்கும் யூஆர்எல். நீங்கள் அனுப்பிய முகவரி வேறு, கடைசியில் போய்ச் சேர்ந்த முகவரி வேறாக இருக்கலாம்.
4. டெக்ஸ்டின் முதல் 300 எழுத்து.

இந்த நான்கும் கண் முன்னால் இல்லாமல் கோடைத் திருத்தாதீர்கள். கீழே உள்ள எல்லா அறிகுறிக்கும் தொடக்கம் இதுதான்.

## 401 வருகிறது

ஆர்பிஜி கீக்கை அழைக்கும்போது இது வந்தால் காரணம் ஏறக்குறைய ஒன்றே: டோக்கன், அதாவது தளம் உங்களுக்குத் தரும் அனுமதிச் சாவி, இல்லை. 2025-இல் போர்டுகேம்கீக் தன் எக்ஸ்எம்எல் ஏபிஐக்குப் பதிவும் டோக்கனும் வேண்டும் என்று மாற்றியது. அதற்கு முன் எழுதப்பட்ட பயிற்சிக் குறிப்பு, யூடியூப் வீடியோ, பழைய லைப்ரரி எதிலும் இந்தப் படி இருக்காது. அவற்றை அப்படியே நகலெடுத்தால் 401-தான்.

தளத்தில் உங்கள் கணக்கில் நுழைந்து அப்ளிகேஷனைப் பதிவு செய்து டோக்கன் வாங்குங்கள். அழைப்பின் ஹெடரில் ஆத்தரைசேஷன் என்ற பெயரில், பேரர் என்ற சொல், ஒரு ஸ்பேஸ், பிறகு டோக்கன் என்று அனுப்புங்கள். அந்த ஸ்பேஸ் விட்டுப்போனாலும் 401 வரும்.

டோக்கன் சரியாக இருந்தும் 401 வந்தால் இரண்டு இடங்களைப் பாருங்கள். முதலாவது ரீடைரக்ட். ரெஸ்பான்ஸின் ஹிஸ்டரி பட்டியல் காலியாக இல்லாவிட்டால், அழைப்பு வேறு முகவரிக்குத் திருப்பப்பட்டிருக்கிறது. ஹோஸ்ட் பெயர் மாறும் ரீடைரக்டில் ரெக்வெஸ்ட்ஸ் லைப்ரரி ஆத்தரைசேஷன் ஹெடரைத் தானே கழற்றிவிடும். டோக்கன் தெரியாத இடத்துக்குப் போய்விடக் கூடாது என்ற பாதுகாப்பு அது. முன்னால் டபிள்யூ டபிள்யூ டபிள்யூ போட்டு அழைத்து, அது இல்லாத முகவரிக்குத் திருப்பப்பட்டாலே போதும், டோக்கன் போய்விடும். கடைசி முகவரியையே நேரடியாக அழையுங்கள். இரண்டாவது, உங்கள் ஹோம் ஃபோல்டரில் நெட்ஆர்சி கோப்பு (தளங்களின் பயனர் பெயர், கடவுச்சொல் வைக்கும் கோப்பு) இருக்கிறதா என்று பாருங்கள். அதில் அந்த ஹோஸ்டுக்கு வரி இருந்தால், நீங்கள் ஹெடரில் கொடுத்ததை அது மேலெழுதிவிடும்.

டோக்கனைக் கோடுக்குள் எழுதி கிட்ஹப்பில் ஏற்றாதீர்கள். என்விரான்மென்ட் வேரியபிளில் வைத்துப் படியுங்கள்.

## கலெக்‌ஷன் கேட்டால் 202, உள்ளே ஒரு புத்தகம்கூட இல்லை

இது பிழையே இல்லை. ஆர்பிஜி கீக்கில் கலெக்‌ஷன் கேட்டால், சர்வர் அதை வரிசையில் போட்டுவிட்டு "ஏற்றுக்கொண்டோம், பிறகு வாருங்கள்" என்று 202 தரும். பட்டியல் தயாரான பிறகு அதே முகவரியைக் கேட்டால்தான் 200 வரும். ரெக்வெஸ்ட்ஸின் ரெய்ஸ்-ஃபார்-ஸ்டேட்டஸ் 400-ஐயும் அதற்கு மேற்பட்டதையும் மட்டுமே பிழையாகக் கருதும். 202-ஐ அது தடுக்காது. ஸ்கிரிப்ட் காலி எக்ஸ்எம்எல்லைப் பார்ஸ் செய்து "புத்தகம் 0" என்று அச்சிட்டு நிம்மதியாக முடிந்துவிடும்.

செய்ய வேண்டியது: ஸ்டேட்டஸ் 202 ஆக இருக்கும்வரை 5, 10, 20, 40 வினாடி என்று இடைவெளியை இரட்டித்துக் கேளுங்கள். ஆறு முறைக்கு மேல் போனால் நிறுத்தி, பயனர் பெயரை அச்சிடுங்கள். இடையில் பாராமீட்டரை மாற்றிவிடாதீர்கள். மாற்றினால் அது புதுக் கோரிக்கை. மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும்.

200 வந்தும் புத்தகத்துக்குப் பதிலாகப் போர்டுகேம் பட்டியல் வருகிறதா? சப்டைப் பாராமீட்டருக்கு ஆர்பிஜிஐட்டம் என்று கொடுக்கவில்லை என்று பொருள். எதுவும் சொல்லாவிட்டால் போர்டுகேம்தான் இயல்பு. கையில் இருப்பவை மட்டும் வேண்டுமென்றால் ஓன் என்பதை 1 ஆக்குங்கள். இல்லாவிட்டால் வாங்க ஆசைப்பட்டவை, விற்றுவிட்டவை எல்லாம் கலந்து வரும்.

பயனர் பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் எரர்ஸ் என்ற எக்ஸ்எம்எல் துண்டு வரும். ரூட் எலிமென்டின் பெயர் ஐட்டம்ஸ்தானா என்று பார்ஸ் செய்ததும் ஒரு வரியில் சரிபார்த்துவிடுங்கள்.

## 429, 503, அல்லது கொஞ்ச நேரம் ஓடிப் பிறகு நின்றுவிடுகிறது

வேகமாகக் கேட்கிறீர்கள். ஆர்பிஜி கீக்குக்கு இரண்டு அழைப்புக்கு நடுவே 5 வினாடி விடுவது நல்ல அளவு. அதோடு, புத்தக விவரம் கேட்கும் திங் அழைப்பில் ஒரு முறைக்கு 20 ஐடி வரை கமா போட்டுக் கேட்கலாம். 300 புத்தகத்தை ஒவ்வொன்றாகக் கேட்டால் காத்திருப்பு மட்டுமே 25 நிமிடம். இருபது இருபதாகக் கேட்டால் 15 அழைப்பு, ஒன்றேகால் நிமிடம். இருபதுக்கு மேல் கொடுத்தாலும் பிழைதான் வரும்.

நிதானமாகக் கேட்டும் 429 வந்தால் உங்கள் ஐபி முகவரியைப் பலர் பகிர்கிறார்களா என்று யோசியுங்கள். பிடிஎம் லேஅவுட் பிஜியின் வைஃபை, கல்லூரி லேப், அலுவலக நெட்வொர்க் எல்லாம் வெளியே ஒரே ஐபியாகத் தெரியும். மொபைல் டேட்டாவிலும் நிறுவனங்கள் ஒரே பொது ஐபியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து தருவது வழக்கம். பதிலில் ரீட்ரை-ஆஃப்டர் ஹெடர் இருந்தால் அந்த வினாடிக் கணக்கைக் கேட்டு நடங்கள்.

நிரந்தரத் தீர்வு கேஷ்தான், அதாவது ஒரு முறை வந்த பதிலைச் சேமித்து மறுபடி பயன்படுத்துவது. ரெக்வெஸ்ட்ஸ்-கேஷ் லைப்ரரி எஸ்க்யூலைட் கோப்பில் பதில்களைச் சேமிக்கும். இயல்பாக 200 மட்டுமே சேமிக்கும் என்பதால் 202 உள்ளே போகாது. ஆனால் 200-இல் வந்த பிழைச் செய்தி உள்ளே போகும்! பயனர் பெயரைத் தளத்தில் சரிசெய்த பிறகும் பழைய பிழையே வருகிறது என்றால் கேஷ் கோப்பை அழித்துவிட்டுக் கேளுங்கள்.

## சர்டிஃபிகேட் வெரிஃபை ஃபெயில்ட்

வீட்டில் ஓடிய அதே கோடு ஒயிட்ஃபீல்டிலோ எலெக்ட்ரானிக் சிட்டியிலோ அலுவலக லேப்டாப்பில் ஓடவில்லை என்றால், நடுவில் அலுவலகப் புராக்ஸி இருக்கிறது. அது தன் சொந்தச் சர்டிஃபிகேட்டை வைத்து எச்டிடிபிஎஸ் போக்குவரத்தைத் திறந்து பார்க்கும். பிரவுசர் விண்டோஸின் நம்பிக்கைப் பட்டியலைப் பார்ப்பதால் வேலை செய்யும். ரெக்வெஸ்ட்ஸ் தன்னோடு வரும் சர்ட்டிஃபை பட்டியலைப் பார்ப்பதால் மறுக்கும்.

வெரிஃபை என்பதை ஃபால்ஸ் ஆக்கச் சொல்லும் ஆலோசனை எங்கும் கிடைக்கும். செய்யாதீர்கள்; டோக்கனை யாருக்கு அனுப்புகிறோம் என்றே தெரியாமல் அனுப்புவது அது. பைத்தான் 3.10 அல்லது அதற்கு மேல் என்றால் டிரஸ்ட்ஸ்டோர் லைப்ரரியை நிறுவி, ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் இன்ஜெக்ட் செய்தால் இயங்குதளத்தின் பட்டியலையே பயன்படுத்தும். அல்லது அலுவலகம் தந்த சர்டிஃபிகேட் கோப்பின் பாதையை ரெக்வெஸ்ட்ஸ் சிஏ பண்டில் என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் கொடுங்கள். கஃபே வைஃபையில் இதே பிழை வந்தால் காரணம் வேறு: ஓடிபி கொடுத்து உள்ளே நுழையும் பக்கத்தை நீங்கள் இன்னும் தாண்டவில்லை.

## ஜேசான் பிழை: வரி 1, நெடுவரிசை 1

முதல் எழுத்திலேயே ஜேசான் இல்லை என்று பொருள். அச்சிட்ட 300 எழுத்தைப் பாருங்கள். எக்ஸ்எம்எல் தெரிந்தால் நீங்கள் ஆர்பிஜி கீக்கிடம் ஜேசான் கேட்டிருக்கிறீர்கள், அது தராது. எச்டிஎம்எல் தெரிந்தால் முகவரி தப்பு, அல்லது சர்வர் பிழைப்பக்கம். ஒன்றுமே இல்லாவிட்டால் ஸ்டேட்டஸைப் பாருங்கள்.

## ஸ்கிரிப்ட் நின்றபடி நிற்கிறது, பிழையும் இல்லை

ரெக்வெஸ்ட்ஸுக்கு இயல்பாக டைம்அவுட் கிடையாது. சர்வர் பதில் சொல்லாவிட்டால் விடிய விடிய காத்திருக்கும். ஒவ்வொரு அழைப்பிலும் டைம்அவுட்டாக (5, 30) கொடுங்கள்: இணைப்புக்கு 5 வினாடி, பதிலுக்கு 30. மின்வெட்டில் ரவுட்டர் அணைந்து எரிந்தாலும் ஸ்கிரிப்ட் தொங்காது. ஒவ்வொரு இருபது ஐடியும் முடிந்ததும் எஸ்க்யூலைட்டில் கமிட் செய்துவிடுங்கள். மறுபடி ஓட்டும்போது ஏற்கெனவே இருப்பதைத் தாண்டிப் போகட்டும்.

## எக்ஸ்எம்எல்லில் தரவு இருக்கிறது, கோடுக்கு மட்டும் நன் வருகிறது

இனிமேல் வருபவை சத்தம் போடாத பிழைகள். நன் என்பது பைத்தானில் 'ஒன்றுமில்லை' என்ற மதிப்பு.

ஆர்பிஜி கீக் திங் பதிலில் பெரும்பாலான மதிப்புகளை எலிமென்டின் டெக்ஸ்டில் வைப்பதில்லை, வேல்யூ என்ற ஆட்ரிபியூட்டில் வைக்கிறது. இயர்பப்ளிஷ்ட் எலிமென்டின் டெக்ஸ்டைக் கேட்டால் நன்தான் வரும். கெட் போட்டு வேல்யூவைக் கேளுங்கள். டிஸ்கிரிப்ஷன் போன்ற சில விதிவிலக்கு. அவற்றில் டெக்ஸ்ட்தான் இருக்கும்.

இதைச் சரிசெய்த பிறகும் ஆண்டு வரவில்லை என்றால் இஃப் வரியைப் பாருங்கள். பைத்தானின் எலிமென்ட்ட்ரீயில், பிள்ளை எலிமென்ட் இல்லாத எலிமென்டை நேரடியாக இஃப்பில் வைத்தால் அது ஃபால்ஸ். இயர்பப்ளிஷ்டுக்குப் பிள்ளைகள் கிடையாது. ஆகவே அது கிடைத்திருந்தும் உங்கள் இஃப் எப்போதும் இல்லை என்றே சொல்லும். ஃபைண்ட் செய்ததை 'இஸ் நாட் நன்' என்றே ஒப்பிடுங்கள். பைத்தான் 3.12 இதற்கு எச்சரிக்கை அச்சிடும். பழைய பதிப்புகளில் கவனிக்காமல் போக வாய்ப்பு அதிகம்.

பெயர் தப்பாக வருகிறதா? ஒரு புத்தகத்துக்குப் பல நேம் எலிமென்ட் இருக்கும். டைப் பிரைமரி என்று இருப்பதை எடுங்கள். மற்றவை மாற்றுப் பெயர்கள்.

எல்எக்ஸ்எம்எல் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை: ரெஸ்பான்ஸின் டெக்ஸ்டைக் கொடுத்தால், என்கோடிங் அறிவிப்பு உள்ள யூனிகோட் சரம் ஆதரிக்கப்படாது என்று வேல்யூஎரர் வரும். டெக்ஸ்டுக்குப் பதில் கன்டென்டை, அதாவது பைட்டுகளைக் கொடுங்கள்.

## ஐடி சரி, 200 சரி, ஐட்டம்ஸ் காலி

ஆர்பிஜி கீக்கில் விளையாட்டு வேறு, புத்தகம் வேறு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு என்ற விளையாட்டு, ஆர்பிஜி என்ற வகையில் ஃபேமிலி அழைப்பின் கீழ் வரும். பிளேயர்ஸ் ஹேண்ட்புக் என்ற புத்தகம், ஆர்பிஜிஐட்டம் என்ற வகையில் திங் அழைப்பின் கீழ் வரும். விளையாட்டின் ஐடியை திங்கில் கேட்டால் உங்களுக்கு வேண்டியது கிடைக்காது. இதழ்களும் அப்படித்தான்: இதழ் என்ற தொடர் ஃபேமிலியில், அதன் ஒவ்வொரு வெளியீடும் ஆர்பிஜிஇஷ்யூ என்று திங்கில். தளத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து, முகவரியில் ஐடிக்கு முன்னால் ஆர்பிஜி என்று இருக்கிறதா, ஆர்பிஜிஐட்டம் என்று இருக்கிறதா என்று பாருங்கள். அதுவே எந்த அழைப்பு என்று சொல்லிவிடும்.

புத்தகத்திலிருந்து விளையாட்டுக்குப் போக வேண்டுமானால், திங் பதிலில் லிங்க் எலிமென்ட்களில் டைப் ஆர்பிஜி என்று இருப்பதன் ஐடியை எடுத்து ஃபேமிலியில் கேளுங்கள்.

## எண்ணாக மாற்றும்போது வேல்யூஎரர்; அல்லது 0-ஆம் ஆண்டுப் புத்தகம்

யாரும் மதிப்பிடாத இடத்தில் ரேட்டிங் 'என்/ஏ' என்றும், தரவரிசை 'நாட் ரேங்க்ட்' என்றும் எழுத்தாகவே வரும். நேராக ஃப்ளோட் ஆக்கினால் நின்றுவிடும். அதைத் தவிர்க்க எல்லாவற்றையும் 0 என்று மாற்றிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் சராசரி கீழே இழுக்கும். நன் என்று வைத்து, கணக்கில் சேர்க்காமல் விடுங்கள். ஆண்டு தெரியாத புத்தகத்துக்கு 0 வரும். பழமையான புத்தகம் எது என்று வரிசைப்படுத்தினால் 1974-இல் வந்த முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கும் முன்னால் அது போய் நிற்கும். வரிசைப்படுத்தும் முன் நீக்குங்கள்.

டிஸ்கிரிப்ஷனில் ஆம்பர்சண்ட், ஹாஷ், 10, அரைப்புள்ளி என்று குப்பையாக வருவது இருமுறை எஸ்கேப் செய்யப்பட்ட புதுவரி. எக்ஸ்எம்எல் பார்சர் ஒரு அடுக்கைத்தான் அவிழ்க்கும். மற்ற அடுக்கை எச்டிஎம்எல் மாட்யூலின் அன்எஸ்கேப் அவிழ்க்கும்.

## அந்த மான்ஸ்டருக்கு 404

முதலில் இண்டெக்ஸ் எழுதும் விதம். டிஎன்டி 5இ ஏபிஐயில் எல்லாம் சிற்றெழுத்து, ஸ்பேஸுக்கும் சாய்கோட்டுக்கும் ஹைஃபன், அப்பாஸ்ட்ரஃபி இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. ஹன்டர்ஸ் மார்க் ஸ்பெல்லில் அந்தக் குறி காணாமல் போகும். பிளைண்ட்னெஸ், டெஃப்னெஸ் இரண்டும் ஹைஃபனில் சேரும். இதை நீங்களே உருவாக்குவதைவிட, முழுப் பட்டியலை ஒரு முறை எடுத்துப் பெயரிலிருந்து இண்டெக்ஸுக்கு ஒரு டிக்‌ஷனரி வைத்துக்கொள்வது நல்லது. 2014 விதிகளின் பட்டியலில் 334 மான்ஸ்டர், 319 ஸ்பெல். ஒரே அழைப்பில் வந்துவிடும்.

அடுத்து, முகவரியில் ஆண்டு. இப்போது 2014 என்றோ 2024 என்றோ ஏபிஐ என்ற சொல்லுக்குப் பின்னால் வர வேண்டும். 2014-இல் இருப்பதெல்லாம் 2024-இலும் இருக்கும் என்று எண்ணாதீர்கள். பெயர்களும் மாறியிருக்கின்றன: பழைய விதியில் ரேஸ், புதிய விதியில் ஸ்பீஷீஸ்.

இரண்டும் சரியாக இருந்தும் 404 என்றால், நீங்கள் தேடுவது எஸ்ஆர்டியிலேயே இல்லை. இதைத்தான் பலர் கோடுப் பிழை என்று எண்ணி மணிக்கணக்கில் தேடுகிறார்கள். பிஹோல்டர், மைண்ட் ஃப்ளேயர், டிஸ்பிளேசர் பீஸ்ட், யுவான்-டி, அம்பர் ஹல்க் ஆகியவற்றைப் பதிப்பாளர் எஸ்ஆர்டியின் 5.1 தொகுப்பில் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. அவுல்பேர் இருக்கிறது, லிச் இருக்கிறது, டராஸ்க் இருக்கிறது. ஃபீட் (பாத்திரத்தின் சிறப்புத் திறன்) ஒன்றே ஒன்று, கிராப்ளர். பேக்கிரவுண்ட் (பாத்திரத்தின் முன்வாழ்க்கை) ஒன்றே ஒன்று, அக்கோலைட். கையில் புத்தகம் இருக்கிறது, அதில் பார்த்த ஃபீட் வரவில்லை என்றால் குறை உங்கள் கோடில் இல்லை.

ஸ்பெல்லில் இன்னும் நுட்பம். மந்திரவாதிகளின் பெயர் ஒட்டிய ஸ்பெல்கள் பெயர் நீக்கப்பட்டு இருக்கும். மெல்ஃப்ஸ் ஆசிட் ஆரோவை வெறும் ஆசிட் ஆரோ என்றும், லியோமண்ட்ஸ் டைனி ஹட்டை டைனி ஹட் என்றும் தேடுங்கள். பிக்பீஸ் ஹேண்ட் ஆர்கேன் ஹேண்டாகவும், மார்டன்கைனென்ஸ் சோர்ட் ஆர்கேன் சோர்டாகவும் மாறியிருக்கும். இவற்றுக்கு ஒரு மாற்றுப் பெயர் டிக்‌ஷனரி பத்து வரியில் எழுதி ஸ்கிரிப்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

5.1 தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் அட்ரிபியூஷன் 4.0 உரிமத்தில் விடப்பட்டது. 5.2 தொகுப்பு 2025 ஏப்ரலில் அதே உரிமத்தில் வந்தது. ஸ்பெல் அட்டை அச்சிட்டுக் குழுவுக்கு வெளியே கொடுத்தால் அந்த உரிமக் குறிப்பை அட்டைத் தாளில் சேருங்கள்.

## எப்போதும் 50 மட்டுமே வருகிறது

ஓப்பன்5இ பக்கம் பக்கமாகத் தரும். முதல் பக்கத்தில் 50. பதிலில் கவுன்ட், நெக்ஸ்ட், பிரீவியஸ், ரிசல்ட்ஸ் என்று நான்கு இருக்கும். நெக்ஸ்டில் இருக்கும் முகவரியையே அழைத்து, அது நல் (ஜேசானில் 'எதுவும் இல்லை') ஆகும்வரை தொடருங்கள். பக்க எண்ணை நீங்களே கூட்டிப்போகாதீர்கள். கடைசியில் சேர்த்த பட்டியலின் நீளமும் கவுன்டும் சமமா என்று ஒரு அசர்ட் போடுங்கள். "இந்த சி.ஆரில் (சேலஞ்ச் ரேட்டிங், மான்ஸ்டரின் கடின அளவு) அன்டெட் எதுவுமே இல்லை போலிருக்கிறது" என்ற முடிவுக்குப் பலர் வருவது இரண்டாம் பக்கத்தைப் பார்க்காததால்தான்.

## ஃபில்டர் போட்டும் எல்லாமே வருகிறது

இது மிக ஏமாற்றும் அறிகுறி. ஓப்பன்5இ ஜாங்கோ ரெஸ்ட் ஃபிரேம்வொர்க்கில் ஓடுகிறது. அங்கே தெரியாத பாராமீட்டர் பெயர் வந்தால் பிழை சொல்லாமல் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவதுதான் வழக்கமான நடத்தை. ஒரு எழுத்துத் தவறினாலும் ஃபில்டரே இல்லாதது போல முழுப் பட்டியல் வரும். எந்த வெளியீடு என்று தேர்ந்தெடுக்கும் ஃபில்டரின் பெயரில் டாக்குமென்ட், ஸ்லக் இரண்டுக்கும் நடுவே இரண்டு அடிக்கோடு. ஒன்று போட்டால் வேலை செய்யாது. வி1-இல் இருந்த பெயர் வி2-இல் அப்படியே இருக்காது: வி1-இல் மான்ஸ்டர்ஸ், வி2-இல் கிரீச்சர்ஸ்.

சோதிப்பது எளிது. ஃபில்டருடன் ஒரு முறை, இல்லாமல் ஒரு முறை கேட்டுக் கவுன்டை ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றென்றால் ஃபில்டர் உள்ளே போகவில்லை.

ஒரே பெயர் இரண்டு மூன்று முறை வந்தால் அது வெவ்வேறு வெளியீடுகளிலிருந்து வருகிறது. அதிகாரபூர்வ எஸ்ஆர்டி மட்டும் வேண்டுமென்றால் வி1-இல் டாக்குமென்ட் ஸ்லக்கை 'டபிள்யூஓடிசி-எஸ்ஆர்டி' என்று கட்டுங்கள். கட்டாமல் விட்டால் கோபோல்ட் பிரஸ் வெளியீடுகளும் கலந்து வரும். அவை நல்ல மான்ஸ்டர்கள்தான். ஆனால் எந்த விதிநூலை நம்பி ஆடுகிறோம் என்று குழு முதலில் பேசி முடித்திருக்க வேண்டும்.

## சி.ஆர் 2 வரை கேட்டால் டிராகன் வருகிறது

ஓப்பன்5இ வி1-இல் சேலஞ்ச் ரேட்டிங் எழுத்துச் சரம்: கோப்ளினுக்கு "1/4". சரங்களை ஒப்பிடும்போது முதல் எழுத்திலிருந்து ஒவ்வொன்றாகத்தான் ஒப்பீடு நடக்கும். "17"-இன் முதல் எழுத்து 1, அது 2-ஐவிடச் சின்னது. ஆகவே "2-க்குள்" என்ற நிபந்தனையை அடல்ட் ரெட் டிராகன் தாண்டி உள்ளே வந்துவிடும். மூன்றாம் லெவல் குழுவுக்கு 450 எக்ஸ்பி (வென்றால் கிடைக்கும் அனுபவப் புள்ளி) மான்ஸ்டர் என்று நினைத்து 18,000 எக்ஸ்பி மான்ஸ்டரை இறக்கினால் முதல் ரவுண்டிலேயே ஆட்டம் முடிந்தது.

அதே பதிலில் சி.ஆர் என்ற எண் புலம் தனியாக இருக்கிறது, அதை எடுங்கள். சரத்தையே வைத்துக்கொள்ள வேண்டுமானால் ஃபிராக்‌ஷன்ஸ் மாட்யூலின் ஃபிராக்‌ஷன் "1/4"-ஐ நேராகப் படிக்கும். இன்ட் படிக்காது, ஃப்ளோட்டும் படிக்காது. ஸ்பெல் லெவலும் இப்படியே: லெவல் என்பது "3rd-level" போன்ற எழுத்து, லெவல்_இன்ட் என்பதுதான் எண்.

டிஎன்டி 5இ ஏபிஐயில் சி.ஆர் எண்ணாகவே வரும், 0.125, 0.25, 0.5 என்று. ஆனால் அங்கே ஃபில்டருக்கு 'ஒன்று வரை' என்று சொல்ல முடியாது. 0, 0.125, 0.25, 0.5, 1 என எல்லாவற்றையும் கமா போட்டுக் கொடுங்கள். 0.125-ஐ விட்டுவிட்டால் பேண்டிட்டும் கோபோல்டும் பட்டியலிலிருந்து போய்விடும்.

அதே ஏபிஐயில் ஆர்மர் கிளாஸ் முன்பு ஒற்றை எண்ணாக இருந்தது. இப்போது பட்டியல், ஒவ்வொன்றிலும் டைப், வேல்யூ. "லிஸ்டையும் இன்டையும் ஒப்பிட முடியாது" என்ற டைப்எரர் பழைய கோடில் வந்தால் முதல் உறுப்பின் வேல்யூவை எடுங்கள். ஸ்பீடுக்குள் இருக்கும் மதிப்புகளும் "30 ft." போன்ற சரம்தான். எண்ணைப் பிரித்தெடுத்து 5-ஆல் வகுத்தால் கட்டத் தாளில் எத்தனை கட்டம் என்று கிடைக்கும்.

இந்த ஏபிஐயின் கிராஃப்க்யூஎல் வாசலைப் பயன்படுத்துபவர்கள் ஸ்டேட்டஸை நம்ப வேண்டாம். கேள்வியில் தவறு இருந்தாலும் 200 வரலாம். பதிலில் எரர்ஸ் என்ற சாவி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

## தமிழ்ப் பெயர்கள் உடைகின்றன, அல்லது பொருந்தவில்லை

குழுவுக்காக மான்ஸ்டர் பெயரையும் குறிப்பையும் தமிழில் ஒரு சிஎஸ்வியில் வைத்து, தரவுத்தள விடையோடு இணைப்பது நல்ல பழக்கம். அதில் வரும் சிக்கல்கள் ஆங்கிலக் குறிப்புகளில் கிடைப்பது அரிது.

எக்செலில் திறந்தால் புரியாத எழுத்து வருகிறதா? கோப்பை யூடிஎஃப்-8-சிக் என்ற என்கோடிங்கில் எழுதுங்கள். தொடக்கத்தில் அது வைக்கும் அடையாளத்தைப் பார்த்துத்தான் எக்செல் யூடிஎஃப்-8 என்று புரிந்துகொள்ளும். விண்டோஸில் ஓபன் செய்யும்போது என்கோடிங் சொல்லாவிட்டால் பழைய சிபி1252 எடுக்கப்பட்டு யூனிகோட்என்கோட்எரர் வரும். ஒவ்வொரு ஓபனிலும் சொல்லுங்கள். ஜேசான் கோப்பில் தமிழுக்குப் பதில் பின்சாய்கோடும் எண்களுமாக இருந்தால் டம்ப் அழைப்பில் என்ஷ்யூர்_ஆஸ்கி ஃபால்ஸ் என்று கொடுங்கள்.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு பெயர்கள் பொருந்த மறுப்பதுதான் கடினமானது. 'கோப்ளின்' என்பதன் 'கோ' யூனிகோடில் இரண்டு விதமாக அமையலாம்: க-வுக்குப் பின் ஓகாரக் குறி ஒரே குறியீடாக, அல்லது ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடாக. வெவ்வேறு கீபோர்டில் தட்டிய இரண்டு பேரின் பட்டியலை இணைக்கும்போது ஒகர, ஓகார, ஔகாரம் உள்ள பெயர்கள் மட்டும் விடுபடும், மற்றவை எல்லாம் பொருந்தும். இந்த வடிவத்தைக் கண்டால் வேறெங்கும் தேட வேண்டாம். இரண்டு பக்கப் பெயர்களையும் யூனிகோட்டேட்டா மாட்யூலின் நார்மலைஸில் 'என்எஃப்சி' கொடுத்து ஒரே வடிவுக்குக் கொண்டுவந்து, ஸ்ட்ரிப் செய்து, பிறகு ஒப்பிடுங்கள். குழுவில் யாராவது கன்னடத்தில் பெயர் எழுதினால் அங்கேயும் கூட்டு உயிர்க்குறிகளுக்கு இதே நடக்கும், இதே ஒரு வரி தீர்க்கும்.

நார்மலைஸ் செய்தும் பொருந்தாத ஒரு பெயர் மிஞ்சினால், அதன் ஒவ்வொரு எழுத்தின் யூனிகோட் எண்ணையும் (ஆர்ட் தருவது) அச்சிடுங்கள். 8203, 8204, 8205 ஆகியவற்றில் ஒன்று தெரிந்தால் அது வாட்ஸாப்பிலிருந்தோ வலைப்பக்கத்திலிருந்தோ நகலெடுத்தபோது ஒட்டிக்கொண்ட கண்ணுக்குத் தெரியாத எழுத்து. ஸ்ட்ரிப் அதை எடுக்காது. ரீப்ளேஸ் செய்து நீக்குங்கள்.